ஃபிட்டர் வகுப்பில் காது கேளாத பையன்: பெங்களூரு ஐடிஐகளில் நம் பிள்ளைகளுக்கு எப்படிக் கைகொடுப்பது?

அரம்பிடி · செப்டம்பர் 7, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பீன்யா பக்கம் ஒரு தனியார் ஐடிஐயில் ஃபிட்டர் டிரேட், அதாவது இரும்பை அறுத்து, அரம் போட்டு, பொருத்தும் வேலை சொல்லிக்கொடுக்கிறேன். சொந்த ஊர் தருமபுரி மாவட்டம். பன்னிரண்டு வருடம் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வாத்தியாராக வந்தவன்.

இந்த வருட பேட்சில் இருபது பேர். அதில் ஒரு பையனுக்குக் காது சுத்தமாகக் கேட்காது, பேச்சும் இல்லை. வீடு ஸ்ரீராம்புரம். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். வீட்டில் தமிழ்தான், ஆனால் காது கேளாதோர் பள்ளியில் படித்ததால் கன்னடம் எழுத்துக்கூட்டிப் படிப்பான், இங்கிலீஷ் கொஞ்சம். தமிழ் எழுத்து தெரியாது. தினமும் மெட்ரோவில் தனியாக வந்துவிடுகிறான், ஒரு நாள்கூட லேட் இல்லை.

நான்காம் நாள் ஹேக்ஸா, அதாவது இரும்பு அறுக்கும் ரம்பப் பயிற்சி. போர்டில் படம் போட்டுக்கொண்டே, "கோட்டுக்கு வெளியே ஒரு மில்லி விட்டு அறுங்க, மிச்சத்தை அரத்தில் எடுத்துக்கலாம்" என்று சொன்னேன். வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன். மற்ற பத்தொன்பது பேரும் விட்டு அறுத்தார்கள். இவன் கோட்டின் மேலேயே நூல் பிடித்த மாதிரி அறுத்திருந்தான். வகுப்பிலேயே நேரான வெட்டு அவனுடையது. அரம் போட்டதும் ஜாப், அதாவது செய்துகொண்டிருந்த துண்டு, அளவு குறைந்து ஸ்கிராப் ஆகிவிட்டது. என் முகத்தையும் ஜாப்பையும் மாறி மாறிப் பார்த்தான். தப்பு என்னுடையது, அதை அவனுக்குச் சொல்லக்கூட எனக்குத் தெரியவில்லை.

நிர்வாகத்தில் கேட்டால், "வந்து உட்காரட்டும், அட்டெண்டன்ஸ் போடுங்க, பரீட்சை நேரத்தில் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அவன் வேலை கற்றுக்கொண்டு வெளியே போக வேண்டும். வீட்டிலோ வேலையிலோ அனுபவப்பட்டவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

ஸ்ரீராம்புரம்_அக்கா · செப்டம்பர் 7, இரவு 11.15

சார், முதலில் உங்களுக்கு நன்றி. என் தம்பிக்கும் காது கேட்காது. அவனும் ஐடிஐதான்.

அவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் நிர்வாகத்துக்கும் சொல்லுங்கள். அவன் படித்த இடத்தில் எல்லோரும் அவன்மேல் பிரியமாக இருந்தார்கள். யாரும் திட்டியதில்லை, யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. ஜாப் சரியில்லை என்றாலும் பாவம் என்று மார்க் போட்டார்கள். சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு ஒரு கம்பெனிக்குப் போனான். வெர்னியர் என்ற நுட்பமான அளவுகோலைக் கையில் கொடுத்து அளவு எழுதச் சொன்னார்கள். மெயின் ஸ்கேலைப் படித்தான், வெர்னியர் ஸ்கேலில் எந்தக் கோடு நேராகப் பொருந்துகிறது என்று பார்க்க அவனுக்கு யாரும் கற்றுத்தரவே இல்லை. மூன்றாம் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கைதான் வாய். கையைக் கட்டிக்கொண்டான் என்றால் யாரிடமும் பேச விருப்பமில்லை என்று அர்த்தம்.

அதற்கப்புறம் ஒரு வருடம் மெனக்கெட்டு வேறு ஒருவரிடம் முதலிலிருந்து கற்றான். இப்போது ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறான். அந்த ஒரு வருடத்தை இரக்கம்தான் தின்றது சார். உங்கள் பையனுக்கு மார்க் குறைத்துப் போடுங்கள், தப்பென்றால் தப்பென்று காட்டுங்கள். ஆனால் புரியும்படி காட்டுங்கள்.

வகுப்புக்கு நான் சொல்லக்கூடியவை: பேசும்போது ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பேசுங்கள். கத்த வேண்டாம், கத்தினால் வாயின் வடிவம் மாறிவிடும். உதட்டைப் பார்த்து எல்லாவற்றையும் பிடித்துவிடுவான் என்றும் நினைக்காதீர்கள், பாதி ஊகம்தான். 'ப', 'ம' இரண்டும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும். "புரிஞ்சுதா" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். "செஞ்சு காட்டு" என்று கேளுங்கள்.

சைகை மொழிக்கு டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் அகராதி போட்டிருக்கிறது. 2018இல் 3,000 சொல்லோடு ஆரம்பித்து 2021இல் 10,000 ஆக்கினார்கள், வீடியோவாக இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் பட்டறையில் நாம் புழங்கும் எல்லாச் சொல்லுக்கும் அதில் சைகை தேடிக்கொண்டிருக்க முடியாது. இல்லாததற்கு அவனையே ஒரு சைகை வைக்கச் சொல்லுங்கள். அவன் வைத்ததை வகுப்பு முழுக்கப் பழகட்டும்.

ஷாப்_ஃப்ளோர்_சூப்பர்வைசர் · செப்டம்பர் 8, காலை 7.05

மனசில் இருப்பதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பீன்யாவில் அறுபது பேர் வேலை செய்யும் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் ஓடும் இடம். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் வரும், ஹாரன் அடிப்பான். "ஏய், நிறுத்து" என்று ஒருவன் கத்தினால் அடுத்த விநாடி கை எடுக்க வேண்டும். கண் முன்னால் ஒரு விரல் போனதைப் பார்த்தவன் நான். காது கேளாத பையனை அங்கே நிறுத்த எனக்குத் தைரியம் வராது. அவன் திறமை குறைவு என்பதற்காக இல்லை. ஏதாவது ஆனால் அவன் அம்மாவுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதிர்வு · செப்டம்பர் 8, மதியம் 1.20

அண்ணா, எனக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. தமிழ் பள்ளியில் படித்தது. ஒன்பது வருடமாக லேத் என்ற கடைசல் மெஷின், அப்புறம் கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிரஸ் ஷாப்பில் எல்லோரும் காதில் இயர்பிளக் வைத்திருப்பார்கள், இல்லையா? சட்டப்படி வைக்கத்தான் வேண்டும், அவ்வளவு சத்தம். அப்படியென்றால் ஹாரனை நம்பி இருக்கும் மற்ற ஐம்பத்தொன்பது பேரும் பாதுகாப்பாக இல்லை. வளைவில் குவிகண்ணாடி வையுங்கள். ஃபோர்க்லிஃப்டுக்கு முன்னால் தரையில் வெளிச்சம் அடிக்கும் விளக்கு இருக்கிறது, அதை மாட்டுங்கள். தரையில் மஞ்சள் கோடு போட்டு அதைத் தாண்டி வண்டி வரக்கூடாது என்று வையுங்கள். எனக்காகச் செய்தால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் செய்ததாக ஆகும்.

லேத்தில் டூல் நடுங்கினால் நீங்கள் காதால் கேட்பீர்கள். எனக்கு ஹேண்ட்வீலைப் பிடித்திருக்கும் உள்ளங்கையிலேயே தெரியும், கால் வழியாகவும் வரும். சிப், அதாவது சீவி விழும் இரும்புத் துகள், நீளமாக வருகிறதா, பொடியாக வருகிறதா, நிறம் நீலமாகிறதா என்று பார்ப்பேன். சத்தம் வந்தபிறகுதான் நீங்கள் திரும்புவீர்கள். நான் எப்போதும் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அரம்பிடி சார், மெஷின் ஓடுகிறது என்பது தெரிய ஒரு விளக்கு வையுங்கள். மோட்டார் ஆன் ஆனால் விளக்கு எரிய வேண்டும். எனக்கு முதல் வருடத்தில் பயம் தந்தது அது ஒன்றுதான். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மெஷின் தானாக ஓட ஆரம்பித்ததா என்பது முதுகுப் பக்கமாக நிற்கும் எனக்குத் தெரியாது.

ஷாப்_ஃப்ளோர்_சூப்பர்வைசர் · செப்டம்பர் 8, இரவு 8.30

தம்பி, இயர்பிளக் விஷயத்தை இன்று முழுக்க யோசித்தேன். நீங்கள் சொல்வது சரி. கண்ணாடிக்கு நாளைக்கே சொல்கிறேன்.

திரைவாசிப்பான் · செப்டம்பர் 9, காலை 10.10

பேச்சு ஃபிட்டரிலேயே நிற்பதால் என் பங்குக்கு ஒன்று. எனக்குப் பார்வை இல்லை. ஐடிஐயில் கோபா, அதாவது கம்ப்யூட்டர் ஆபரேட்டர் டிரேட் முடித்தேன். சேரப் போனபோது, "கம்ப்யூட்டர் கண்ணால் பார்ப்பது, நீ எப்படி" என்றார்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளை என் போனிலேயே போட்டுக் காட்ட முடியாது என்பதால் பென்டிரைவில் கொண்டுபோய் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிக் காட்டினேன். அது இலவசம். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் எழுத ஆரம்பித்தது. தமிழையும் வாசிக்கும். லேபில் முப்பது கம்ப்யூட்டரிலும் போட அரைநாள் ஆயிற்று, ஒரு ரூபாய் செலவில்லை.

தேர்வு பற்றி எல்லா வாத்தியார்களும் தெரிந்துகொள்ள வேண்டியது: மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்படி, எழுத ஆள் வைத்துக்கொள்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம். இரண்டு மணி நேரத் தேர்வென்றால் 40 நிமிடம். எழுதுபவர் மட்டுமில்லை, வாசித்துக் காட்டுபவர், லேப் உதவியாளர் என்றும் அதில் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 40 சதவீத ஊனம் இருந்தால்தான் எழுத ஆள் தர முடியும் என்று மறுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. எழுதும்போது கை இறுகிப் பிடித்துக்கொள்வதால் எழுத முடியாத ஒருவரின் வழக்கு அது. இதையெல்லாம் தேர்வு மையத்தில் அன்று காலை போய்ச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லிங்கராஜபுரம்_அம்மா · செப்டம்பர் 9, இரவு 10.00

என் பெண்ணுக்கு இரண்டு காலிலும் காலிபர், அதாவது காலைத் தாங்கும் கம்பிச் சட்டம். கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்ந்தாள். முதல் மாதம் எல்லாம் நன்றாகப் போகிறது என்றுதான் சொன்னாள். சாயங்காலம் வந்ததும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பாள். வெயில் என்று நினைத்தேன். யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து டாக்டரிடம் போனபோதுதான் சொன்னாள். காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லையாம். பாத்ரூம் இருப்பது கீழே, வகுப்பு இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. கீழே போனாலும் இந்தியன் டாய்லெட், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது.

போய்ப் பேசினேன். பிரின்சிபால் நல்ல மனிதர், தண்ணீர் குடிக்காத விஷயம் அவருக்குத் தெரியாது. வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றினார். ஒரு டாய்லெட்டில் மேற்கத்திய கோப்பையும் சுவரில் கம்பியும் வைத்தார்கள். ராம்ப் கட்டினார்கள், ஆனால் செங்குத்தாகக் கட்டிவிட்டார்கள், அதில் அவள் ஏறினால் பின்னால் சாய்கிறாள். பிறகுதான் தெரிந்தது, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்று படி, ஒன்றரை அடி என்றால் பதினெட்டு அடி. இடம் இல்லையென்று வளைத்துக் கட்டினார்கள்.

எங்கள் ஏரியாவில் ஏபிடி என்ற மாற்றுத்திறனாளிகள் அமைப்பு இருக்கிறது, 1959இல் ஹேமா என்ற, தானும் ஊனமுற்ற ஒரு பெண்மணி தொடங்கியது. எங்கே கம்பி வைக்க வேண்டும் என்பது முதல் அங்கேதான் கேட்டுக்கொண்டேன். பெண் பிள்ளைகள் இந்த டாய்லெட் விஷயத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வாத்தியார்களே, நீங்களாகக் கேளுங்கள். நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு பெண் ஆசிரியரை விட்டுக் கேளுங்கள்.

மனுதாரர் · செப்டம்பர் 10, காலை 9.25

சான்றிதழ் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன். நம் ஆட்கள் பெங்களூருவில் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

தமிழ்நாட்டில் வாங்கிய எஸ்சி சான்றிதழை வைத்துக்கொண்டு கர்நாடக அரசின் இடஒதுக்கீட்டில் சேர முடியாது. பிழைக்க வந்த குடும்பத்துக்கு அவர்கள் கிளம்பிவந்த மாநிலத்தில்தான் அந்த உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1990இலிருந்தே சொல்லி வருகிறது. இது தெரியாமல் கடைசி நாளில் ஐடிஐ வாசலில் நின்று அழுத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஃபீஸ் கட்ட வழி முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, யூடிஐடி, அப்படியில்லை. ஒரு முறை வாங்கினால் நாடு முழுக்கச் செல்லும். 2021 ஜூனிலிருந்து சான்றிதழே ஆன்லைன் வழியாகத்தான். ஊரில் வாங்கிய பழைய கையெழுத்துச் சான்றிதழை இன்னும் மடித்து வைத்திருப்பவர்கள் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். மாதாந்திர உதவித்தொகை மட்டும் அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பொதுவான தொழிற்பயிற்சிகள் எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க வேண்டும், தேவையான உதவியும் வசதியும் தர வேண்டும் என்கிறது. அறிவுவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம் போன்றவை உள்ளவர்களுக்குத் தனிப் பயிற்சியும் வேண்டும், அதுவும் சந்தையோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தனியாகவா, சேர்த்தா என்று சண்டையே வேண்டாம், இரண்டும் சட்டத்தில் இருக்கிறது. "வந்து உட்காரட்டும்" என்பது இரண்டிலும் சேராது.

அரம்பிடி · செப்டம்பர் 12, இரவு 10.20

எல்லோருடையதையும் இரண்டு முறை படித்தேன். நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனசு வரவில்லை.

இன்னொரு பையனைப் பற்றியும் கேட்க வேண்டும். அட்டை இல்லாத பையன். எந்தக் குறைபாடு என்றும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு தடவை சொன்னால் ஏறாது, ஐந்து தடவை சொல்ல வேண்டும். காலை வகுப்பில் தூங்கி விழுகிறான். திட்டினேன். பிறகு மற்ற பையன்கள்தான் சொன்னார்கள், ராத்திரி கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறானாம், இரண்டு மணிக்குத்தான் வீடு. அப்பா இல்லை. திட்டியதற்கு இன்னும் மனசு உறுத்துகிறது.

ஸ்ரீராம்புரம்_அக்கா · செப்டம்பர் 12, இரவு 11.00

இந்தப் பையனுக்கு எந்தச் சட்டமும் இல்லை சார், நீங்கள்தான் இருக்கிறீர்கள். முகூர்த்த நாள் எது என்று காலண்டரில் தெரியும். அதற்கு மறுநாள் காலையில் தியரி வைக்காமல் கைவேலை வையுங்கள், நின்று செய்யும்போது தூக்கம் வராது. ஆனால் மெஷினில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

மனுதாரர் · செப்டம்பர் 13, காலை 8.40

ராத்திரி வேலையை அவன் விட வேண்டுமென்றால் பகலில் காசு வர வேண்டும். அப்ரண்டிஸ்ஷிப்பை, அதாவது கம்பெனியில் காசு வாங்கிக்கொண்டே வேலை பழகுவதை, விசாரியுங்கள். முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகள் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். 2016இல் வந்த தேசியத் திட்டத்தில், அப்ரண்டிஸுக்குக் கம்பெனி தரும் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும் என்று வைத்தார்கள். அறுபது பேர் யூனிட் என்று ஒருவர் மேலே எழுதியிருந்தார், அவர் கவனத்துக்கு.

அதிர்வு · செப்டம்பர் 13, மதியம் 1.10

ஐந்து தடவை சொல்ல வேண்டிய பையனுக்கு போட்டோ ஒட்டுங்கள் சார். ஜாப்பை வைஸில் மாட்டுவதிலிருந்து அளப்பது வரை ஒவ்வொரு படியாக போனில் எடுத்துப் பெஞ்சுக்கு மேலே ஒட்டினால் போதும். காது கேளாதவனுக்கும் அதே போட்டோதான்.

அரம்பிடி · டிசம்பர் 14, இரவு 9.15

மூன்று மாதம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

விளக்கு போட்டாயிற்று. எங்கள் எலக்ட்ரீஷியன் டிரேட் பையன்களிடம் சொன்னேன், அவர்களே இரண்டு டிரில்லிங் மெஷினுக்கும் மூன்று லேத்துக்கும் இண்டிகேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அது பிராக்டிகல் கணக்கில் வந்தது. கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாதபடி ஸ்டார்ட்டரையும் சரிபார்த்தோம், ஒரு மெஷினில் அது வேலையே செய்யவில்லை. எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ.

போர்டின் ஓரத்தில் தினமும் பத்துச் சொல் எழுதுகிறேன், கன்னடத்திலும் இங்கிலீஷிலும். பையன் ஒவ்வொன்றுக்கும் சைகை வைக்கிறான். 'டாலரன்ஸ்', அதாவது அளவு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்ற சொல்லுக்கு அவன் வைத்ததைப் பாருங்கள்: கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் முடி நுழையும் அளவுக்கு விலக்கி, இன்னொரு கையால் "போதும்" என்று காட்டுகிறான். நான் இருபது நிமிடம் போர்டில் விளக்குவது அதில் இருக்கிறது. இப்போது வகுப்பே அந்தச் சைகையைத்தான் போடுகிறது.

பந்திக்குப் போகும் பையனுக்குப் போட்டோ உதவுகிறது. காது கேளாத பையன் அவனுக்குப் பக்கத்துப் பெஞ்ச். பந்திக்குப் போகிறவன் தப்பான அரத்தை எடுத்தால் காது கேளாதவன் கையைத் தட்டி, சுவரில் போட்டோவைக் காட்டுகிறான். கல்யாண வேலையை இன்னும் விடவில்லை. அது எனக்குக் கவலைதான்.

போன வாரம் ஆண், பெண் பொருத்தம் ஜாப். இரண்டு துண்டுகளை அரத்தால் செய்து ஒன்றுக்குள் ஒன்று நுழைக்க வேண்டும். மூலை சரியா என்று பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், காது கேளாத பையனுடையதில் மூன்று பக்கம் இடுக்கில் வெளிச்சக் கீற்று வரவில்லை. நான்காவது பக்கத்தில் மெல்லிசாக வந்தது. பத்துக்கு ஏழு போட்டேன். கோபமாக என்னைப் பார்த்தான். ஜாப்பைத் திருப்பி அவன் கண்ணுக்கு நேரே வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். கீற்றைப் பார்த்தான். ஜாப்பை வாங்கிக்கொண்டு போய் மறுபடி வைஸில் மாட்டினான். மதியச் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை.

ஷாப்_ஃப்ளோர்_சூப்பர்வைசர் · டிசம்பர் 15, காலை 6.50

அண்ணா, கண்ணாடி நான்கு இடத்தில் வைத்தாயிற்று. பையன்கள் இருவரையும் ஒரு நாள் யூனிட்டுக்கு அழைத்து வாருங்கள். முதலில் பிரஸ் பக்கம் இல்லை, டூல்ரூமில் பார்க்கட்டும். அப்ரண்டிஸ் பற்றி முதலாளியிடம் பேசிவிட்டேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்களில் ஒருவருக்கும் சைகை தெரியாது. யாராவது வந்து ஒரு மணி நேரம் சொல்லித்தந்தால் எட்டுப் பேர் உட்காரத் தயார்.

ஸ்ரீராம்புரம்_அக்கா · டிசம்பர் 15, காலை 7.30

என் தம்பியிடம் கேட்டுவிட்டேன். இந்தச் சனிக்கிழமை லீவு போட்டுக்கொண்டு ஓசூரிலிருந்து வருகிறான். பத்து மணிக்கு பீன்யா மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டுக் கீழே நிற்பான், நீலச் சட்டை. போன் அடிக்காதீர்கள், மெசேஜ் போடுங்கள். பார்த்ததும் கையை உயர்த்தி ஆட்டச் சொல்லுங்கள், தூரத்திலிருந்தே அவன் கண்டுகொள்வான்.